ஷர்மிளா சொன்ன சாட்சி

பாஸ்டர் சேனாதிபதி ஜெபித்து முடித்தபோது அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நின்றது. எதிரே பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்த ஷர்மிளாவுக்கு அதைப் பார்த்ததும் போன உயிர் பாதி திரும்பி வந்தது. நமக்காக அழுகிற மனிதர் நம்மைக் கைவிடமாட்டார் என்று எண்ணிக்கொண்டாள். மடியில் மகள் சுசித்ரா தூங்கிப்போயிருந்தாள்.

கொடைக்கானல் மேல்மலையில் இருக்கும் பூண்டிக்குச் சபையைக் கொண்டுவந்தவர் அவர்தான். பழனி அடிவாரத்தில் யாத்திரைக்காரர்களை நம்பிக் கடை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்து, கிறிஸ்துவிடம் வந்தபின் வீட்டாரால் விலக்கப்பட்டு, மலையேறி வந்தவர். வந்த புதிதில் மழையோடு மழையாகக் கிளாவரை வரைக்கும் நடந்தே போய், காய்ச்சலில் கிடந்தவர்களுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்திருக்கிறார். ஷர்மிளாவின் அம்மா வீரம்மா சபைக்குள் வந்தது அப்படித்தான். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் லயம் என்கிற வரிசை வீட்டில் பிறந்து, சிறுபிள்ளையாகக் கப்பலேறி வந்து, இந்த மலையில் கூலிக்கு அலைந்தவள் வீரம்மா. புருஷன் இறந்து கிடந்த அன்று தோள் கொடுக்க முதலில் வந்த ஆள் பாஸ்டர். அதற்கப்புறம் அந்த வீட்டில் அவர் சொன்னால் சொன்னதுதான். பூண்டியில் பூண்டும் கேரட்டும் போடுகிற அகிலனை ஷர்மிளாவுக்குப் பார்த்து முடித்து வைத்தவரும் அவரே.

"இப்பச் சொல்லும்மா. நேத்து என்ன நடந்துச்சு?"

ஷர்மிளா சொன்னாள். பிள்ளைக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. அகிலனுக்குப் போன் போட்டாள், அவன் எடுக்கவில்லை. பஸ் போய்விடுமே என்று அவனிடம் கேட்காமலே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மன்னவனூருக்கு ஊசி போடப் போய்விட்டு வந்தாள். அவ்வளவுதான் குற்றம். அவன் கத்தவில்லை. கத்துகிற ஆள் இல்லை அவன். அடுப்பை அணைக்கச் சொன்னான். வீட்டுக்குப் பின்னால் கேரட் கழுவுகிற சிமெண்ட் தொட்டிக்கு அவளைக் கூட்டிப்போனான். பின்னந்தலை முடியைக் கொத்தாகப் பிடித்து அவள் முகத்தைத் தண்ணீருக்குள் அமுக்கினான். மேலே இழுத்தபோது, "பொண்டாட்டி எப்படி அடங்கி இருக்கணும்னு வசனம் இருக்குல்ல, அதச் சொல்லு" என்றான். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். நடுவில் ஒரு சொல் தடுமாறியது. மறுபடி அமுக்கினான். தப்பில்லாமல் சொல்லி முடிக்கும்வரை விடவில்லை.

"பிள்ளை பாத்துக்கிட்டு நின்னா பாஸ்டர். நேத்துல இருந்து வீட்டுல ஒரு டம்ளர் கீழ விழுந்தாக்கூட, அவரு பக்கத்துல இல்லாட்டியும், 'சாரிப்பா சாரிப்பா'ங்கிறா."

கூரைத் தகரத்தில் பனித்தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. அடுப்படி வாசலில் பாஸ்டரம்மா நதியா கையில் காப்பி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வரவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை.

"அகிலன நான் கண்டிக்கிறேம்மா. கண்டிப்பா கண்டிக்கிறேன்" என்றார் பாஸ்டர். "ஆனா நீ வீட்டை விட்டுக் கிளம்பி வந்துட்டேங்கிற பாத்தியா, அது வேற. தேவன் சேத்து வச்சத மனுசன் பிரிக்க முடியாது. நீ பொறுமையா, சாந்தமா இருந்து பாரு. பேசாமலே புருசன ஜெயிச்ச பொம்பளைங்க எத்தன பேரு இருக்காங்க."

"அதுக்குள்ள நான் செத்துட்டா?"

"அப்படியெல்லாம் பேசக்கூடாது."

"கோர்ட்டுல எழுதிக் குடுத்துப் பிரிஞ்சு இருந்துக்கிறேனே பாஸ்டர். வேற கல்யாணமெல்லாம் வேணாம். நானும் பிள்ளையும் எங்கனயாவது ஒரு மூலையில கெடந்துக்கிறோம்."

அவர் தலையை ஆட்டினார். கோபமாக அல்ல, வருத்தமாக. "விபச்சாரம் ஒண்ணுக்குத்தாம்மா வேதத்துல விலக்கு. மத்தது எதுக்கும் எனக்கு அனுமதி குடுக்க அதிகாரம் இல்ல. தள்ளிவிடுறத தேவன் வெறுக்கிறாரு. நான் என்ன பண்ணட்டும்?"

ஷர்மிளா சற்று யோசித்தாள். பிறகு ரொம்ப மெதுவாக, பயந்து பயந்து கேட்டாள். "அப்போ அவரு வேற பொம்பளைகிட்டப் போயிருந்தா நான் தப்பிச்சிருப்பேன். என்னத் தண்ணியில அமுக்குனதால தப்பிக்க முடியாது. அப்படித்தானே?"

"நீ இரு, காப்பி குடி" என்று சொல்லிவிட்டுப் பாஸ்டர் எழுந்து வாசலுக்குப் போனார். நதியா டம்ளரை அவள் கையில் கொடுத்தாள். கை மாறும்போதே காப்பி சேலையில் சிந்தியது.

வாசலிலிருந்து பாஸ்டரின் குரல் வந்தது. "தம்பி, அகிலா. எங்க இருக்க? வடுகபட்டிச் சந்தையில லோடு எறக்கியாச்சா? சரி. ஒண்ணும் பதறாத. உன் சம்சாரம் இங்கதான் இருக்கு, பத்திரமா இருக்கு. ஆமா, பாப்பாவும்தான். நீ வந்து கூட்டிட்டுப் போ. நாம உக்காந்து பேசுவோம்."

ஷர்மிளா எழுந்துவிட்டாள். பிள்ளையைத் தோளில் போட்டாள். எங்கே போவது? கொடைக்கானல் பஸ் போய் நெடுநேரம் ஆகிவிட்டது. கிளாவரையில் அம்மா இருக்கிறாள். முந்தின நாள் அம்மாவுக்குத்தான் முதலில் போன் பண்ணியிருந்தாள். "ஒங்கப்பாகிட்ட நான் வாங்காத அடியா பிள்ளே? என்னா செய்யச் சொல்ற? பாஸ்டர்கிட்டப் போ, அவரு நல்ல வழி சொல்லுவாரு" என்று சொன்னவளும் அம்மாதான்.

"பாஸ்டரம்மா" என்று நதியாவின் கையைப் பிடித்தாள். "ஏன் சொன்னாரு? நான் இங்க இருக்கிறத ஏன் சொன்னாரு?"

நதியா வாசலை ஒருமுறை பார்த்தாள். "அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது ஷர்மி" என்றாள்.

காத்திருந்த நேரம் முழுக்க ஷர்மிளா மேசையில் இருந்த பாஸ்டரின் வேதத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். படிக்கவேண்டும் என்று அல்ல, கையை எங்காவது வைத்துக்கொள்ளத்தான். தள்ளிவிடுவதைத் தேவன் வெறுப்பதாகச் சொல்கிற இடம் எது என்று அவளுக்குத் தெரியும். சபையில் எத்தனையோ தடவை கேட்ட வசனம். தேடி எடுத்தாள். வசனம் அதோடு முடியவில்லை. அதே மூச்சில், கொடுமையைத் துணியால் மூடி மறைக்கிறவனையும் அவர் வெறுப்பதாகத்தான் எழுதியிருந்தது. மறுபடி படித்தாள். சபையில் ஒருநாளும் யாரும் இந்தப் பாதியை வாசித்து அவள் கேட்டதில்லை. எப்போதும் நடுவிலேயே நிறுத்திவிடுவார்கள். தேவன் தனக்கு எதிராக நிற்கவில்லை என்று அப்போது அவளுக்குத் தோன்றியது. ஆனால் ஜீப் சத்தம் வெளியே கேட்டதும் அந்த ஆறுதல் இருந்த இடம் தெரியாமல் போயிற்று.

அகிலன் உள்ளே வந்து செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். பாஸ்டர் காலடியில் முழங்கால் போட்டான். "தப்புத்தான் பாஸ்டர். கோபத்துல பண்ணிட்டேன்" என்று அழுதான். பாஸ்டர் அவனைத் தூக்கி நிறுத்தி, இருவர் கையையும் சேர்த்துப் பிடித்து நெடுநேரம் ஜெபித்தார். அந்த ஜெபம் முழுக்க அகிலனின் கட்டைவிரல் நகம் ஷர்மிளாவின் உள்ளங்கையில் இறங்கிக்கொண்டே இருந்தது. அவள் "ஆமென்" என்றாள்.

"வர்ற ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் சபையில நின்னு சாட்சி சொல்லுங்க" என்றார் பாஸ்டர் சந்தோஷமாக. "வீட்டை விட்டு வந்தது தப்புன்னு ஷர்மிளா சொல்லட்டும். கோபப்பட்டது தப்புன்னு அகிலன் சொல்லட்டும். பிசாசு தோத்துப் போவான்."

திரும்பும் வழியில் பனி இறங்கிவிட்டது. ஜீப்பின் மஞ்சள் வெளிச்சம் பாதையில் கொஞ்சதூரம் போய் வெள்ளையில் முட்டி நின்றது. அகிலன் ஒரு பாமாலைப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினான். பள்ளத்தை ஒட்டிய ஒரு வளைவில் வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்தான். கீழே அதலபாதாளத்தில் எங்கோ ஓடை இரைகிறது கேட்டது. ஷர்மிளா தூங்குகிற பிள்ளையை இறுக்கிக்கொண்டு கதவுப்பக்கம் ஒடுங்கினாள். கதவைத் திறந்தால் பள்ளம்.

"தண்ணித்தொட்டி விசயத்தச் சொன்னியா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். அவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கும். "சொன்னேங்க."

"பாஸ்டர் என்ன சொன்னாரு?"

"பொறுமையா இருக்கச் சொன்னாரு."

அவன் சிரித்தான். சத்தமில்லாமல் தோள் மட்டும் குலுங்கியது. "பாத்தியா? அவருக்கே தெரியுது. உனக்குத்தான் மண்டையில ஏறமாட்டேங்குது." வண்டியைக் கிளப்பினான். பாமாலையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான்.

அந்த வாரம் அவன் அவளைத் தொடவில்லை. சாப்பாட்டைக் குறை சொல்லவில்லை. தினமும் காலையில் வெள்ளனே எழுந்து, கேரட் அறுவடை இல்லாத அந்த நாட்களிலும், பின்னால் போய்க் குழாயைத் திறந்து தொட்டியை விளிம்புவரை நிரப்பிவிட்டு வருவான். வந்து கையைத் துடைத்துக்கொண்டே, "சாட்சியில என்ன சொல்லணும்னு யோசிச்சு வச்சிருக்கியா?" என்று கேட்பான். ஷர்மிளா பாத்திரம் கழுவும்போதும் முதுகைச் சுவரோடு ஒட்டி நின்றுதான் கழுவினாள். ராத்திரி அவன் புரண்டு படுத்தால் அவள் மூச்சை அடக்கிக்கொள்வாள். அடக்குகிற ஒவ்வொரு தடவையும் தண்ணீருக்குள் இருப்பது போலவே இருக்கும்.

அவள் போன் இப்போது அவன் சட்டைப்பையில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சபை நிரம்பியிருந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் மறுபக்கம், நடுவில் சிவப்பு விரிப்பு. கிளாவரை பஸ்ஸில் வந்து இறங்கிய வீரம்மா மகளைக் கண்டதும், "என்னா பிள்ளே, இப்பிடி ஒட்டிப்போயிட்ட" என்று பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தாள். ஷர்மிளாவின் முக்காடு ஒரு பக்கம் சரிந்திருந்தது. அதைச் சரிசெய்யப் போன வீரம்மாவின் கை பாதியில் நின்றது. காதுக்குப் பின்னால், உள்ளங்கை அகலத்துக்கு, முடி இல்லை. முடி இருந்த இடத்தில் தோல் பிய்ந்து காய்ந்து கறுத்திருந்தது.

"இது என்னா?"

"முடியப் பிடிச்சுத்தான தண்ணிக்குள்ள அமுக்குனாரு. சொன்னேனேம்மா."

வீரம்மா மறுபடி முக்காட்டை இழுத்து மூடவில்லை. கொஞ்சநேரம் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் மடியில் இருந்த கையைப் பார்த்தாள். மகள் போனில் அழுதபோது அவள் காதில் விழுந்தது "அடி" என்ற ஒரு சொல் மட்டும்தான். அடி என்றால் வீரம்மாவுக்குப் பழகிய விஷயம், அதனால் மேற்கொண்டு கேட்கவில்லை. இப்போது கேட்கவேண்டும் போல இருந்தது, நேரமில்லை. பாட்டு முடிந்து பாஸ்டர் மைக்கைக் கையில் எடுத்திருந்தார்.

"இன்னைக்கு ஒரு குடும்பத்தை கர்த்தர் கட்டி எழுப்பினத நாம பாக்கப் போறோம். சகோதரி ஷர்மிளா, முன்னால வாங்க."

எழுந்தாள். சிவப்பு விரிப்பில் நடந்து முன்னால் போய் நின்றபோது அகிலன் ஆண்கள் பக்கத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து, தலையைச் சற்றுச் சாய்த்து, அவளையே பார்த்துப் புன்னகைத்தான். மைக் குளிர்ந்திருந்தது. பாஸ்டர் சொல்லிக்கொடுத்த வார்த்தைகள் நாக்கில் தயாராகத்தான் இருந்தன. நான் என் புருஷனுக்குக் கீழ்ப்படியாமல் வீட்டை விட்டு வந்தது பாவம். இதைச் சொல்லிவிட்டால் ராத்திரி ஒருவேளை ஒன்றும் நடக்காது. அதற்கு அடுத்த ராத்திரி?

வாயைத் திறந்தாள்.

"எம் பிள்ளைக்குக் காய்ச்சல். ஊசி போடக் கூட்டிப்போனேன். அவர்கிட்டக் கேக்காமப் போனேன். அதுக்காக எம் புருசன் என் முடியப் பிடிச்சுக் கேரட் தொட்டியில முகத்த அமுக்கினாரு. வசனத்தச் சொல்லு, வசனத்தச் சொல்லுன்னு அமுக்கினாரு."

சபையில் சலசலப்பு எழுந்தது. அகிலனின் புன்னகை முகத்தில் அப்படியே இருந்தது, கண்ணில் மட்டும் இல்லை. பாஸ்டர் திகைத்துப்போய் நதியாவைப் பார்த்துக் கையை அசைத்தார். ஓரத்தில் கீபோர்டுக்கு முன் உட்கார்ந்திருந்த நதியா வாசிக்கத் தொடங்கினாள். பாஸ்டர் இன்னொரு மைக்கில் பாட்டை எடுத்தார். கை தட்டச் சொன்னார். பழக்கப்பட்ட கைகள் தட்டின. சிலர் கண்ணை மூடி உரக்க ஜெபித்தார்கள். ஸ்பீக்கரில் அந்த இரைச்சல் தகரக் கூரைவரை போய் முட்டியது. ஷர்மிளா பேசிக்கொண்டுதான் இருந்தாள். அவள் உதடு அசைவது மட்டும் தெரிந்தது. அந்த இரைச்சலுக்குள் நின்றபோது, தலைக்குமேல் தண்ணீர் மூடினால் வெளிச்சத்தம் எப்படிக் கேட்குமோ அப்படிக் கேட்டது அவளுக்கு.

"பாட்ட நிப்பாட்டுங்கய்யா!"

வீரம்மா எழுந்து நின்றிருந்தாள். அவ்வளவு பெரிய குரல் அவளுக்கு உண்டு என்று அங்கே யாருக்கும் தெரியாது. "நிப்பாட்டுங்கய்யா பாட்ட! எம்மக பேசுறா! பேச விடுங்க!"

நதியா நிமிர்ந்து வீரம்மாவைப் பார்த்தாள். பிறகு ஷர்மிளாவை. கீபோர்டிலிருந்து இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பாஸ்டரின் குரல் மட்டும் ஒரு வரி தனியாகப் பாடி, பிறகு நின்றுபோயிற்று.

ஷர்மிளா முக்காட்டைப் பின்னால் தள்ளினாள். தலையைத் திருப்பிக் காட்டினாள். பெண்கள் பக்கத்தில் யாரோ "ஐயோ" என்றார்கள்.

"பாஸ்டருக்கு இதெல்லாம் தெரியும்" என்றாள். "அடுத்த நாளே போய்ச் சொன்னேன். எனக்காக அழுதாரு. அழுதுட்டு எம் புருசனுக்கே போன் போட்டு, வந்து கூட்டிட்டுப் போன்னு சொன்னாரு. வேதத்துல விலக்கு இல்லைங்கிறாரு. தள்ளிவிடுறத தேவன் வெறுக்கிறாருங்கிறாரு. அந்த வசனத்துல இன்னும் பாதி இருக்கு. கொடுமைய மூடி மறைக்கிறவனையும் வெறுக்கிறாருன்னு இருக்கு. வீட்டுக்குப் போய் எடுத்துப் படிங்க. நான் தேவனை விட்டுப் போகல. இந்த ஆள விட்டுத்தான் போறேன்."

அகிலன் எழுந்து மெல்ல நடந்து வந்தான். "மனநிலை சரியில்லாம இருக்கா பாஸ்டர். ராத்திரியெல்லாம் தூங்குறதில்ல. நான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றான். அவன் கை அவள் மேல்கையைப் பற்றிய வேகத்தில் அவளுக்குக் கண் இருட்டியது. அதற்குள் வீரம்மா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு குறுக்கே வந்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் பெண்கள் பக்கத்திலிருந்து இன்னும் சிலர் எழுந்து வந்தார்கள். சும்மா வந்து நின்றார்கள். ஆண்கள் பக்கத்தில் ஒருவரும் எழவில்லை. அகிலன் அந்தப் பெண்களைப் பார்த்தான், கையை விட்டான்.

"வீட்டுக்குத்தானே வரணும்" என்றான் அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

வெளியே வந்தபோது பஸ் இல்லை. அகிலனின் ஜீப் சபை வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. பாதையோரம் திருமலைச்சாமி தன் லாரியில் கேரட் மூட்டைகளுக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார். சபைக்காரர் இல்லை, பழனிக்கு வருஷம் தவறாமல் நடக்கிறவர். மைக் சத்தம் ரோடுவரை கேட்டிருக்கிறது.

"ஏறுங்கம்மா வெரசா" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை.

பிள்ளையை நடுவில் வைத்துக்கொண்டு தாயும் மகளும் முன்னால் ஏறினார்கள். லாரி ஊரைத் தாண்டுவதற்குள் கண்ணாடியில் ஜீப் தெரிந்தது. அவன் முந்தவில்லை, ஹாரன் அடிக்கவில்லை. ஒரே அளவு தூரத்தில் வந்துகொண்டே இருந்தான். பனிக்குள் மறைவான், அடுத்த வளைவில் அந்த இரண்டு மஞ்சள் விளக்கும் மறுபடி வரும். மன்னவனூர் போயிற்று. பூம்பாறை போயிற்று. ஷர்மிளா கண்ணாடியை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை. விளக்கு தெரிந்தால் பயமாக இருந்தது, தெரியாமல் போனால் அதைவிடப் பயமாக இருந்தது.

"அங்க பாக்காதீங்கம்மா, ரோட்டப் பாருங்க. மூட்டை ஏத்துன லாரிய அவன் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார் திருமலைச்சாமி. ஆனால் அவரும் அடிக்கடி கண்ணாடியைப் பார்த்துக்கொண்டுதான் ஓட்டினார்.

கொடைக்கானலில் மகளிர் காவல் நிலையத்து வாசலிலேயே லாரியை நிறுத்தினார். எதிரே ரோட்டைத் தாண்டி ஜீப்பும் நின்றது. உள்ளே இருந்த பெண் போலீஸ் ஷர்மிளாவின் தலையைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு, முதலில் டாக்டரை அழைத்துவர ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பினாள். புகார் எழுதும்போது ஷர்மிளாவால் தன் பெயரைக்கூடச் சரியாகச் சொல்ல முடியவில்லை. வீரம்மாதான் எடுத்துக் கொடுத்தாள். மறுபடி வெளியே எட்டிப் பார்த்தபோது ஜீப் இல்லை. அது எங்கே போயிருக்கும் என்ற நினைப்பு அன்றிலிருந்து அவளோடு கூடவே வந்துவிட்டது.

அகிலனைப் பிடித்தார்கள். சில நாளில் ஜாமீனில் வந்துவிட்டான். ஷர்மிளாவும் அம்மாவும் மலையை விட்டிறங்கி ஆயக்குடிக்குப் போய், கொய்யாப்பழம் தரம் பிரிக்கிற கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தார்கள். பக்கத்திலேயே ஓர் அறை. விவாகரத்துக்கு வக்கீல் மூலம் மனுப் போட்டாள். மனுவில் கையெழுத்திட்ட அன்று, தான் நரகத்துக்குப் போகிறவள்தானோ என்ற பயமும் வந்தது. சிறுவயதிலிருந்து கேட்டது லேசில் விடுமா. அகிலனைப் பற்றிய பயத்தையும் நரகத்தைப் பற்றிய பயத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டே அவள் பழம் பிரித்தாள். இரண்டில் எது தன்னுடையது, எது பிறர் கொடுத்தது என்று யோசித்துக்கொண்டிருப்பாள்.

கொய்யா வரத்து அதிகமாக இருந்த ஒரு நாள் மதியம் கொட்டகை வாசலில் பாஸ்டர் சேனாதிபதி வந்து நின்றார். இளைத்திருந்தார். சட்டை தொளதொளத்தது. வீரம்மா பழக்கத்தில் கும்பிடப்போய்க் கையை இறக்கிக்கொண்டாள்.

"சபையில பாதிப்பேரு வர்றதில்லம்மா" என்றார். "அதுக்காக வரல. உன் ஆத்துமாவுக்காக வந்தேன். கேஸை வாபஸ் வாங்கிரு. விவாகரத்து வாங்கினா சபையில உனக்குத் திருவிருந்து அப்பம் குடுக்க என்னால முடியாது. அகிலன் மாறிட்டான். உபவாசம் இருக்கான்."

ஷர்மிளா அவர் சொன்ன எதையும் கேட்கவில்லை. அவளுக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. கையிலிருந்த பழத்தைக் கீழே வைத்தாள்.

"நான் இங்க இருக்கேன்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

"தேடிக் கண்டுபிடிச்சேம்மா."

"அவருக்குச் சொன்னீங்களா?"

பாஸ்டர் பார்வையைக் கொய்யாக் கூடைகள் பக்கம் திருப்பினார்.

"பாஸ்டர், ஒங்களுக்குப் பொய் சொல்லத் தெரியாது. சொல்லுங்க. நான் இருக்கிற எடத்த அவருக்குச் சொல்லிட்டீங்களா?"

"அவன் உன் புருசம்மா" என்றார் அவர். "நாளைக்கு வந்து பேசுறேன்னான்."

ஷர்மிளாவுக்கு அவர்மேல் கோபம்கூட வரவில்லை. இந்த மனிதர் கெட்டவர் இல்லை, கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும், எப்போதோ தப்பித்திருக்கலாம் என்றுதான் தோன்றியது. "நீங்க எனக்காக அழுதீங்க. அது போதும்" என்றாள். "இனிமே என்னத் தேடாதீங்க. நான் செத்தா ஒங்க கண்ணீர வச்சு எம் பிள்ளை என்ன பண்ணும்?"

வீரம்மா அதற்குள் அறைக்குப் போய்த் துணிகளை மூட்டை கட்டத் தொடங்கியிருந்தாள். பாஸ்டர் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். கையில் வேதம் இருந்தது, திறக்கவில்லை. அவர் எப்போது போனார் என்று அவர்கள் பார்க்கவில்லை. பொழுது சாய்வதற்குள் காவல் நிலையத்துக்கும் வக்கீலுக்கும் சொல்லிவிட்டு அந்த ஊரை விட்டுக் கிளம்பினார்கள். மறுநாள் அகிலன் வந்தான். வெறும் அறையைக் காலால் உதைத்துத் திறந்து, ஷர்மிளா எங்கே என்று கொட்டகையில் இருந்தவர்களை மிரட்டியிருக்கிறான். மிரட்டிய குற்றத்துக்காக ஜாமீன் ரத்தாகி இந்தமுறை அதிகநாள் உள்ளே இருந்தான்.

அவர்கள் போன ஊரின் பெயரை இங்கே எழுதாமல் விடுவதே நல்லது. அடுத்த வருஷம் கோர்ட் விவாகரத்துக் கொடுத்தது. தீர்ப்பு வந்த அன்று ஷர்மிளா சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. வீட்டுக்கு வந்து கதவின் இரண்டு தாழ்ப்பாளையும் போட்டுவிட்டுப் படுத்துத் தூங்கினாள்.

புது ஊரிலும் ஒரு சபை இருந்தது. கதவோரமாக, யார் வந்தாலும் தெரிகிற மாதிரி உட்காருவாள். அங்கிருந்த இளம் போதகர் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தைப் பற்றிப் பிரசங்கம் பண்ணினார். மனைவி அடங்கியிருக்க வேண்டும் என்ற இடம் வந்ததும் ஷர்மிளாவுக்கு மூச்சு அடைத்தது. எழுந்து ஓடத்தான் உடம்பு சொல்லிற்று. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு கடைசி ஜெபம் வரை உட்கார்ந்திருந்தாள்.

எல்லோரும் கலைந்ததும் போதகரிடம் போனாள். "ஐயா, நீங்க அதச் சொல்லும்போது இன்னொண்ணும் சேத்துச் சொல்லணும். அடிக்கிறவன்கிட்ட இருந்து ஒருத்தி பிரிஞ்சு போனா அது பாவமில்லன்னு சொல்லணும். உள்ள உக்காந்திருக்கவங்கள்ல யாராவது அதுக்காகக் காத்துக்கிட்டு இருப்பாங்க."

அவர் அவளை வியப்போடு பார்த்தார். பிறகு கனிவாகச் சிரித்தார். "நம்ம சபையில அப்படியெல்லாம் யாரும் இல்லையே சிஸ்டர். எல்லாம் நல்ல குடும்பங்க."

வாசலில் பெண்கள் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். சிலர் முக்காட்டை இன்னும் எடுக்கவில்லை. ஷர்மிளா அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"எங்க பழைய சபையிலயும் அப்படித்தாங்கய்யா சொன்னாங்க" என்றாள். "அப்ப நான் மூணாவது பெஞ்சுல உக்காந்திருந்தேன்."